செம்பும் கரியிழையும்: நேரோட்ட மின் விநியோகத்தின் நியமங்கள் உருவான வரலாறு

மின்சாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். மின்விளக்கை முதலிற் கண்டவர் யார், தைனமோவைச் செம்மை செய்தவர் யார், நேரோட்டத்துக்கும் ஆடலோட்டத்துக்கும் இடையே நிகழ்ந்த போட்டியில் வென்றவர் யார் என்பனவே அந்நூல்களில் முதன்மை பெறுகின்றன. ஆயின், ஒரு கடையில் வாங்கிய விளக்கு எந்த வீட்டிலும் எரியும் என்ற நம்பிக்கை மக்களுக்கு எப்பொழுது வந்தது, அந்த விளக்கின் கழுத்தில் இத்தனை வோல்ற் என்று பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணை எவர் எங்கே இருந்து தீர்மானித்தார் என்ற வினாக்களை எழுப்புவோர் சிலரே. நியமம் என்று நாம் சொல்வது இயற்கை விதி அன்று. மனிதர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. உடன்பாடு என்றால் அங்கே கூடியிருந்தவர் எவர், கூடாதிருந்தவர் எவர் என்ற கேள்வியும் உடன்வரும். நேரோட்ட மின் விநியோகத்தின் நியமங்களைப் பொறுத்தவரை இக்கேள்வி இருமுறை எழுந்துள்ளது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒருமுறை; நமது காலத்தில் மீண்டும் ஒருமுறை.

அடிப்படை ஒன்றை முதலில் நினைவுகூர்தல் நன்று. ஒரே திசையிற் பாய்வது நேரோட்டம். திசை மாறி மாறிப் பாய்வது ஆடலோட்டம். ஆடலோட்டத்தின் மின்னழுத்தத்தை நிலைமாற்றியின் துணைகொண்டு எளிதாக உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். நேரோட்டத்துக்கு அத்தகைய எளிய கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிடையாது. ஆகவே நிலையத்தில் எந்த அழுத்தத்தில் மின் பிறப்பிக்கப்பட்டதோ, ஏறத்தாழ அதே அழுத்தமே தெருவின் கீழ்க் கிடந்த செப்புக் கடத்தியிலும், வீட்டுச் சுவரிலும், விளக்கின் இழையிலும் இருந்தாகவேண்டும். உற்பத்தி செய்வோனுக்கும் கம்பி இடுவோனுக்கும் விளக்கு வாங்குவோனுக்கும் அதைத் தவறுதலாகத் தொடும் குழந்தைக்கும் பொதுவாக ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி அக்காலப் பொறியியலாளருக்கு இருந்தது. அந்த எண் எவ்வாறு வந்தது என்பதே வரலாற்றின் சுவையான பகுதி.

தோமஸ் அல்வா எடிசன் 1878 இல் மின்விளக்கு முயற்சியில் இறங்கியபோது அவர் எதிரே நின்ற போட்டியாளர் வேறொரு மின் கம்பனி அன்று. நகரத் தெருக்களின் கீழ் ஏற்கனவே குழாய்களைப் பதித்து வைத்திருந்த வாயுவிளக்குக் கம்பனிகளே. வாயுவிளக்கின் விலைக்கு மின்விளக்கைத் தர இயலாவிடின் முயற்சி தோற்கும் என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். கணக்கிட்டுப் பார்த்தபோது பெருஞ்செலவு தைனமோவில் இல்லை, செம்பில் இருந்தது. அக்காலத்தில் பலர் செய்து பார்த்த இழை விளக்குகள் சில ஓம் அளவே தடை கொண்டவை. அவற்றுக்குப் பெரும் ஓட்டம் தேவை. பெரும் ஓட்டத்துக்குத் தடித்த கடத்தி தேவை. ஒரு சிறு நகர்ப்பகுதியை ஒளிரச் செய்வதற்கே மலைபோற் செம்பு வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக இழையின் தடையை நூறு ஓம் அளவுக்கு உயர்த்தினால், ஒரு விளக்குக்கு ஓர் அம்பியருக்கும் குறைந்த ஓட்டமே போதும். மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால், அதே வலுவை அதே விழுக்காட்டு இழப்புடன் கொண்டுசெல்லத் தேவையான செம்பு காற்பங்காகக் குறையும் என்பது எளிய கணிதம்.

அவ்வாறாயின் இருநூறு, நானூறு வோல்ற் என்று உயர்த்திக்கொண்டே போகலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்குத் தடையாக நின்றது கரியிழை. உயர்ந்த தடை வேண்டுமாயின் இழை மெல்லிதாகவும் நீண்டதாகவும் இருக்கவேண்டும். கரியாக்கிய நூலையும் மூங்கிற் சிம்பையும் ஓர் எல்லைக்கு மேல் மெலிதாக்கினால் அவை நின்று எரியமாட்டா. செம்பு அழுத்தத்தை மேலே தள்ளிற்று. கரி கீழே இழுத்தது. அவ்விரண்டும் சமரசம் செய்துகொண்ட இடமே நூற்றுப்பத்து வோல்ற். இயற்கையின் எந்த விதியும் இந்த எண்ணைக் கட்டளையிடவில்லை. அன்றைய செம்பின் விலையும் அன்றைய இழையின் பலவீனமும் சேர்ந்து ஈன்ற பிள்ளை அது. பெற்றோர் இருவரும் மறைந்த பின்னரும் பிள்ளை நீடுவாழ்ந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் சேர் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்றவர், 1881 இல் கடத்திகளின் சிக்கனம் பற்றிய விதியொன்றை வெளியிட்டார். செம்பில் முடக்கிய முதலுக்கான ஆண்டு வட்டியும், கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரத்தின் ஆண்டு விலையும் சமமாகும் தடிப்பே மிகச் சிக்கனமானது என்பது அவ்விதியின் சாரம். பௌதிக மேதையொருவர் வட்டி வீதத்தைத் தம் சமன்பாட்டினுள் கொணர்ந்தமை சிலருக்கு வியப்பைத் தரலாம். நியமங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அதில் வியப்பில்லை. அத்துறையில் பௌதிகமும் கணக்குப் புத்தகமும் ஒருபோதும் பிரிந்திருந்ததில்லை.

1882 செப்தெம்பர் 4 ஆம் நாள் நியூயோர்க்கின் பேர்ள் தெருவிலிருந்த நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்னரே இலண்டனின் ஹோபோர்ன் மேம்பாலத்தருகே எடிசன் கம்பனி ஒரு நிலையத்தைத் தொடங்கியிருந்தது. தெருவைத் தோண்ட அங்கே அனுமதி பெறுவது அரிதாயிருந்தமையால் பாலத்தின் அடியில் இருந்த வழியே கம்பி இட்டனர். நியூயோர்க்கிலோ தெரு தோண்டப்பட்டது. அரைவட்ட வெட்டுமுகம் கொண்ட செப்புக் கோல்கள் இரும்புக் குழாயினுள் வைக்கப்பட்டு, காவலிக் கலவை ஊற்றப்பட்டு நிலத்துள் இறக்கப்பட்டன. தொடக்க நாளில் ஏறத்தாழ நானூறு விளக்குகள் எரிந்தன. 1884 இல் 508 வாடிக்கையாளரும் 10,164 விளக்குகளும் இருந்தன.

பேர்ள் தெருவில் நியமம் என்ற சொல் எவராலும் வழங்கப்படவில்லை. வழங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தைனமோ, குழாய், உருகி, ஆளி, விளக்கு, விளக்கின் திருகுப் பிடி, மானி யாவும் எடிசனின் கம்பனிகளே செய்தவை. ஒரு வீட்டுக்குள் எல்லோரும் ஒரே மொழி பேசும்போது அகராதி தேவைப்படுவதில்லை அல்லவா? அந்தத் திருகுப் பிடி இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. 27 மில்லிமீற்றர் விட்டமுடைய அதன் வடிவத்தின் பெயரில் எடிசனின் முதலெழுத்து நிற்கின்றது. ஆங்கிலேயர் ஊசிப் பிடியைப் பேணினர். நம் நாட்டுக் கடைகளில் விளக்கு வாங்கச் செல்பவர் "ஊசியா, திருகா" என்ற கேள்வியை இன்றும் எதிர்கொள்வதன் மூலம் இதுவே.

மானியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். எடிசனின் மானி ஓர் இரசாயனக் கருவி. நாகசல்பேற்றுக் கரைசலில் இரு நாகத் தகடுகள் தொங்கும். வீட்டுக்குள் செல்லும் ஓட்டத்தின் மிகச் சிறு பங்கு அதனூடாகப் பாய, ஒரு தகட்டிலிருந்து நாகம் கரைந்து மற்றையதிற் படியும். கம்பனி ஊழியர் தகடுகளைக் கழற்றிச் சென்று நிறுத்துப் பார்த்து, நிறை வேறுபாட்டிலிருந்து கட்டணத்தைக் கணக்கிடுவர். குளிர்காலத்திற் கரைசல் உறையாதிருக்கப் பெட்டியினுள் ஒரு சிறு விளக்கும் வைக்கப்பட்டிருந்தது. கோட்பாட்டளவில் இது செம்மையான முறையே. ஆயின் வாடிக்கையாளர் தம் மானியைத் தாமே வாசித்தறிய வழியில்லை. கம்பனி சொல்வதே கணக்கு. பலர் ஐயுற்றதில் வியப்பில்லை. அளவிடும் உரிமை விற்பவனிடம் மட்டும் இருக்கும்போது அளவு எத்துணைச் சரியாக இருந்தாலும் நம்பிக்கை பிறப்பதில்லை. சந்தையில் படியையும் மரக்காலையும் அரசு முத்திரையிட்டு வழங்கிய பழைய வழக்கத்தின் காரணமும் இதுவேயன்றோ?

அளவைப் பற்றிய உடன்பாடு வேறொரு களத்தில் ஏற்கனவே தொடங்கியிருந்தது. 1858 இல் அத்திலாந்திக்கின் கீழ் இட்ட தந்திக் கம்பி சில வாரங்களிற் பழுதுற்றதன் பின், தடையை அளக்கப் பொது அலகு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பிரித்தானியக் கழகம் 1861 இல் அமைத்த குழுவில் தொம்சனும், பின்னர் மக்ஸ்வெல்லும் உழைத்தனர். 1881 இல் பாரிஸில் கூடிய சருவதேச மின்னியல் மாநாடு ஓம், வோல்ற், அம்பியர், கூலோம், பரட் என்னும் அலகுகளை ஏற்றது. 1893 இல் சிக்காகோவிற் கூடிய மாநாடு அவற்றைக் கைக்கெட்டும் பொருள்களாற் குறித்தது: ஒரு செக்கனில் 0.001118 கிராம் வெள்ளியைப் படியச் செய்யும் மாறா ஓட்டம் ஓர் அம்பியர், 106.3 சென்ரிமீற்றர் நீளமுடைய குறித்த இரச நிரலின் தடை ஓர் ஓம். வெள்ளி படியும் இவ்வரைவிலக்கணம் நேரோட்டத்துக்கே பொருந்தும் என்பதை வாசகர் கவனிக்கலாம். ஆடலோட்டம் உலகை ஆளப்போகின்ற வேளையிலும் அதை அளக்கும் கோல் நேரோட்டத்தாலேயே செய்யப்பட்டது.

அலகுகளைத் தந்தவர் பேராசிரியர். பாதுகாப்பு விதிகளைத் தந்தவர் காப்புறுதிக்காரர். இது பலர் அறியாத செய்தி. மின்சாரம் புகுந்த ஆலைகளிலும் மாளிகைகளிலும் தீ விபத்துகள் தொடங்கியதும், இழப்பீடு செலுத்த வேண்டியவர்கள் விழித்துக்கொண்டனர். இலண்டனில் பீனிக்ஸ் தீக்காப்புறுதி நிறுவனத்தின் விதிகள் 1882 இல் வெளிவந்தன. அதே ஆண்டில் தந்தி, மின்பொறியியலாளர் சங்கமும் தீயபாயத் தடுப்பு விதிகளைச் சில பக்கங்களில் வெளியிட்டது. நம் நாட்டில் மின்னிணைப்பு வேலை கற்போர் "ஐ.ஈ.ஈ. விதிகள்" என்று சொல்லும் பெருநூலின் மூதாதை அச்சிறு பிரசுரமே. அமெரிக்காவில் நிலைமை சிக்கலாக இருந்தது. 1895 அளவில் அங்கே ஐந்து வெவ்வேறு விதித்தொகுதிகள் வழங்கின. ஒரு நகரில் முறையான கம்பியிணைப்பு அடுத்த நகரில் குற்றமாயிருந்தது. 1896 இல் பல சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி ஆராய்ந்ததன் பயனாக 1897 இல் தேசிய மின் விதித்தொகுதி வெளியாயிற்று. இதற்கிடையில் சிக்காகோவின் 1893 ஆம் ஆண்டுக் கண்காட்சியின் மின்னிணைப்புகளைச் சோதிக்க வந்த வில்லியம் ஹென்றி மெரில் என்னும் இளைஞர், பொருள்களைச் சோதித்துச் சான்று வழங்கும் ஆய்வுகூடம் ஒன்றைக் காப்புறுதிக்காரரின் ஆதரவில் 1894 இல் நிறுவினார். வீட்டிற் குடியிருப்பவனின் உயிருக்கு அஞ்சியன்று, கட்டடத்தின் பெறுமதிக்கு அஞ்சியே முதல் விதிகள் எழுந்தன என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்விதிகளின் முதற் பதிப்புகள் தீயைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதிர்ச்சியைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மை.

செப்புச் செலவை மேலும் குறைக்கும் வழியை எடிசனும் இங்கிலாந்தில் ஜோன் ஹொப்கின்சனும் 1882 ஐ ஒட்டித் தனித்தனியே கண்டனர். இரு தைனமோக்களைத் தொடராக இணைத்து, நடுவிலிருந்து ஒரு மூன்றாங் கம்பியை எடுத்தால், வெளிக்கம்பிகளுக்கிடையே 220 வோல்ற்றும் ஒவ்வொரு விளக்குக்கும் 110 வோல்ற்றும் கிடைக்கும். மூன்று கம்பிகளும் ஒரே தடிப்பினவாயினும், இருகம்பி முறைக்கு வேண்டிய செம்பில் எட்டில் மூன்று பங்கே போதும். பென்சில்வேனியாவின் சன்பரி என்ற சிற்றூரில் 1883 யூலை 4 ஆம் நாள் இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பால் நேரோட்டம் இலாபமாகச் செல்லவில்லை. நெருக்கமான நகரத்துக்கு அது பொருந்திற்று. பரந்த கிராமத்துக்கு அது எட்டாக்கனியே.

அந்த இடைவெளியினுள்ளேதான் ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1886 இல் ஆடலோட்டத்துடன் நுழைந்தார். அதன்பின் நிகழ்ந்த போட்டியின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதில் ஒரு செய்தியே நமக்கு வேண்டியது. 1888 யூனில் ஹரல்ட் பிரவுண் என்பவர் நியூயோர்க்கில் பத்திரிகைக்கு எழுதிய கடிதமொன்றில், ஆடலோட்டத்தின் அழுத்தத்தை 300 வோல்ற்றுக்கு மேற்படாதவாறு சட்டத்தாற் கட்டுப்படுத்தவேண்டும் என்று கோரினார். நோக்கம் பொதுமக்கள் பாதுகாப்பு என்றே சொல்லப்பட்டது. மேல்நிலைக் கம்பிகளால் உயிரிழப்புகள் நேர்ந்தமையும் மெய்யே. ஆனால் 300 வோல்ற் என்ற எல்லையை ஏற்றிருந்தால், உயர் அழுத்தத்தில் அனுப்பி நிலைமாற்றியால் தாழ்த்தும் ஆடலோட்டத்தின் ஒரே சிறப்பும் இல்லாதொழிந்திருக்கும். எதிரியைச் சந்தையில் வெல்ல முடியாத இடத்தில் விதிநூலில் வெல்ல முனைந்த முயற்சி அது. அது நிறைவேறவில்லை. நயாகராவின் ஆடலோட்டம் 1896 நவம்பரில் பபலோ நகரை அடைந்தபோது போட்டி ஏறத்தாழ முடிந்துவிட்டது. தூய பாதுகாப்பு வாதத்தையும் வணிக வாதத்தையும் பிரித்தறிவது எத்துணைக் கடினம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நேரோட்டம் தோற்றது, அதன் எண்கள் தோற்கவில்லை. அமெரிக்காவில் ஆடலோட்டம் வந்தபோதும் வீடுகளில் ஏற்கனவே இருந்த விளக்குகளுக்கு ஏற்ப 110 ஐ ஒட்டிய அழுத்தமே பேணப்பட்டது. கரியிழை விளக்குகளை ஒரே அழுத்தத்துக்குத் துல்லியமாகச் செய்ய இயலாமையால், செய்தபின் அளந்து பிரித்து, சற்றே வேறுபட்ட அழுத்தமுடைய ஊர்களுக்கு விற்றனர். ஐரோப்பா வேறு வழியிற் சென்றது. பேர்லின் மின்வழங்கற் கம்பனி 1899 இல் தன் அழுத்தத்தை 220 வோல்ற்றுக்கு உயர்த்தத் தீர்மானித்தது. உயர் அழுத்தத்தைத் தாங்கும் விளக்குகள் அப்போது கிடைத்தன. வாடிக்கையாளரின் பழைய விளக்குகளையும் கருவிகளையும் மாற்றிக் கொடுக்க நேர்ந்த செலவைக் கம்பிச் செம்பில் மிச்சமான பணம் ஈடுசெய்தது. பிற ஜேர்மன் நகரங்களும் பின்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பேர்லினைப் பின்பற்றின. ஐரோப்பாவின் 220 ஐயும் பிரித்தானியாவின் 240 ஐயும் இணைத்து 230 என்ற பெயரளவு எண்ணைச் சருவதேச நியமம் 1983 இல் வகுத்தது. இன்று யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ற்றின் வம்சாவளியைத் தேடிச் சென்றால், நேரோட்ட முறையின் இரட்டிப்பு ஒன்றில், ஒரு கரியிழையின் பலவீனத்தில், போய்ச் சேர்கிறோம்.

வீதிப் போக்குவரத்து நேரோட்டத்தை விடவில்லை. அக்கால மோட்டர்களுள் தொடக்க இழுவைக்கு ஏற்றது நேரோட்ட மோட்டரே. சென்னையில் 1895 இல் தொடங்கியதும் கொழும்பில் 1960 வரை ஓடியதுமான ட்ராம் வண்டிகள் இவ்வகையின. அங்கே எழுந்த சிக்கல் விசித்திரமானது. தண்டவாளத்தின் வழியே திரும்பவேண்டிய ஓட்டம் நிலத்தினுள் கசிந்து, நீர்க்குழாய்களிலும் வாயுக்குழாய்களிலும் ஏறி இறங்கி, இறங்கும் இடங்களில் உலோகத்தை அரித்தது. ட்ராம் கம்பனியின் சிக்கனத்துக்கு நகரசபையின் குழாய்கள் விலை கொடுத்தன. பிரித்தானிய வர்த்தகச் சபை விதித்த கட்டுப்பாடு எளிதும் கூர்மையுமானது: திரும்பும் தண்டவாளத்தின் எந்த இரு புள்ளிகளுக்கு இடையிலும் 7 வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது. எத்தகைய கடத்தி, எத்தனை இணைப்பு என்று அவ்விதி வற்புறுத்தவில்லை. விளைவை மட்டும் வரையறுத்து வழியைப் பொறியியலாளரிடம் விட்டது. மேசைக்கு வராத அயலாரின் நலனைக் காத்த விதி என்பதனால், அக்கால நியமங்களுள் இதுவே மிகச் சிறந்ததென யான் கருதுகின்றேன்.

பிரித்தானியாவின் உள்நாட்டு நிலைமையோ நகைப்புக்குரியது. ஒவ்வொரு நகரசபையும் ஒவ்வொரு கம்பனியும் தத்தம் முறையைத் தேர்ந்துகொண்டன. முதலாம் உலகப்போரின் இறுதியில் ஆராய்ந்தபோது, பேரிலண்டனில் மட்டும் 70 வழங்கற் சபைகளும், ஏறத்தாழ 50 வகை முறைகளும், 10 மீடிறன்களும், 24 மின்னழுத்தங்களும் இருக்கக் காணப்பட்டன. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தவர் தம் விளக்குகளையும் மின்னழுத்தியையும் எறிந்துவிட்டுப் புதியன வாங்கவேண்டும். இதன் விலையைச் செலுத்தியவர் எந்த மாநாட்டுக்கும் அழைக்கப்படாத வாடகைக் குடியிருப்பாளர். 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தேசிய வலையமைப்பு உருவாகி இக்குழப்பம் மெல்லக் குறைந்தது.

இக்குழப்பத்தை முன்னரே உணர்ந்தவருள் ஒருவர் றூக்ஸ் ஈவ்லின் பெல் குறொம்ரன். இளமையில் இராணுவ அதிகாரியாக இந்தியாவிற் பணிபுரிந்து, நீராவி வண்டிகளை வீதியில் ஓட்டிப் பார்த்தவர். அவர் பெயர் இந்திய மின்விசிறிகளில் இன்றும் நிலைத்திருக்கின்றது. இலண்டன் கென்சிங்டனில் மின்கல அடுக்குகளுடன் கூடிய நேரோட்ட நிலையத்தை 1880 களில் அமைத்தவர். டெப்ட்போர்டிலிருந்து 10,000 வோல்ற்றில் ஆடலோட்டம் அனுப்பத் துணிந்த பெரான்றியின் எதிர்ப்பாளர். போட்டியில் அவர் பக்கம் தோற்றது. ஆயின் 1904 இல் சென் லூயிஸ் மாநாட்டில் நியமங்கள் பற்றி அவர் படித்த கட்டுரையே, நாடுகள் கூடி நிரந்தர அமைப்பொன்றை உருவாக்கவேண்டும் என்ற தீர்மானத்துக்கு வித்திட்டது. 1906 யூனில் இலண்டனில் சருவதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு தோன்றிற்று. முதல் தலைவர் கெல்வின் பிரபு, கௌரவ செயலாளர் குறொம்ரன். நயாகராவில் ஆடலோட்டத்தை ஏற்கவேண்டாம் என்று 1893 இல் தந்தியடித்து எச்சரித்தவரும் கெல்வினே. தோற்ற முறையின் இரு காவலர் வென்ற முறைக்குப் பொதுவிதி வகுக்கும் சபையின் தலைமேசையில் அமர்ந்தனர். தோல்வியின் பின் ஒதுங்காது பொதுக்காரியத்தில் இறங்கிய அப்பெருந்தன்மை போற்றத்தக்கது.

நேரோட்ட விநியோகம் அதன்பின் நெடுங்காலம் மெல்லத் தேய்ந்தது. நியூயோர்க்கில் 1998 அளவிலும் 4,600 நேரோட்ட வாடிக்கையாளர், பெரும்பாலும் பழைய மின்னுயர்த்திகளுக்காக, எஞ்சியிருந்தனர். கடைசி இணைப்பு 2007 நவம்பர் 14 ஆம் நாள் துண்டிக்கப்பட்டது. எடிசன் தொடங்கி 125 ஆண்டுகள் கடந்திருந்தன. இதற்கிடையில் தொலைபேசி நிலையங்களில் மட்டும் 48 வோல்ற் நேரோட்டம் அசையாது நின்றது. அவ்வெண்ணின் கதையும் பழைய கதையே: இரு வோல்ற் தரும் ஈய மின்கலங்கள் இருபத்துநான்கைத் தொடராக வைத்தால் 48. அரிப்பைத் தவிர்க்க நேர்முனையைப் புவியோடு இணைத்தனர். ஊர் இருளில் ஆழ்ந்த வேளையிலும் பழைய தொலைபேசி ஒலித்ததன் இரகசியம் அந்த இருபத்துநான்கு மின்கலங்களே.

இன்று நிலைமை தலைகீழாகின்றது. சூரியத் தகடு தருவது நேரோட்டம். மின்கலம் சேமிப்பது நேரோட்டம். கணினியும் கைத்தொலைபேசியும் ஒளிகாலும் இருவாயி விளக்கும் கேட்பது நேரோட்டம். கூரையில் நேரோட்டமாய்ப் பிறந்ததை ஆடலோட்டமாக்கி, சுவரில் இருந்து எடுத்து மீண்டும் நேரோட்டமாக்கும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாய்ப் போகின்றது. நிலைமாற்றி இல்லாத குறையைக் குறைகடத்திச் சாதனங்கள் தீர்த்துவிட்டன. ஆகவே எத்தனை வோல்ற் என்ற பழைய வினா மறுபடியும் மேசைக்கு வந்துள்ளது. கணினி நிலையங்களுக்கு 380 வோல்ற் என்ற எண் முன்வைக்கப்பட்டது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியமமும் 2012 இல் 400 வோல்ற் வரையான நேரோட்டத்துக்கு இடமளித்தது. 380 ஏன்? இக்காலக் கணினிகளின் வலுவழங்கிகள் ஆடலோட்டத்தைத் திருத்தியபின் தம்முள்ளே அவ்வளவு அழுத்தத்தை வைத்துக்கொள்கின்றன. அவ்விடத்தில் நேரே இணைத்தால் ஒரு படி மிச்சம். கரியிழையின் இடத்தில் இன்று ஒரு வலுவழங்கி அமர்ந்திருக்கின்றது. எண்ணைத் தீர்மானிக்கும் முறை மாறவில்லை.

நேரோட்ட நியமத்தில் எண்ணை விடக் கடினமானது ஆளி. ஐம்பது சுற்று ஆடலோட்டம் ஒரு செக்கனில் நூறு தடவை பூச்சியத்தைக் கடக்கின்றது. தொடுகை பிரியும்போது எழும் மின்வில் அவ்வேளைகளில் தானே அணைய வாய்ப்புண்டு. நேரோட்டம் பூச்சியத்தைத் தொடுவதில்லை. எரியும் விளக்கின் செருகியை நேரோட்டத்தில் இழுத்தால் மின்வில் நீண்டு உலோகத்தை உருக்கவும் தீ மூட்டவும் கூடும். எனவே ஆளிகளும் செருகிகளும் உருகிகளும் புதிதாய் வகுக்கப்படவேண்டும். ஆடலோட்டத்துக்கெனப் பொறிக்கப்பட்ட ஆளியை நேரோட்டத்தில் இடுவது ஆபத்து. 120 வோல்ற்றுக்கு உட்பட்ட சீரான நேரோட்டத்தை மிகத்தாழ்ந்த அழுத்தம் என்று சருவதேச நியமம் வகைப்படுத்துகின்றது. இவ்விடயங்களை ஆராயச் சருவதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு தாழ்மின்னழுத்த நேரோட்டத்துக்கெனத் தனிக் குழுவையும் அமைத்துள்ளது.

இவ்விவாதத்தில் இம்முறை ஒரு மாற்றம் உண்டு. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் தலைமையில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உழைத்தோர், கணினி நிலையத்திலிருந்து தொடங்காமல் மின்வெட்டில் இருளும் சிறு வீட்டிலிருந்து தொடங்கினர். மின்பற்றாக்குறை வேளையில் ஒரு பகுதியை முற்றாக வெட்டுவதற்குப் பதிலாக, வழங்கலைப் பத்திலொன்றாகக் குறைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் 48 வோல்ற் நேரோட்டத்தில் 100 வாற் அளவாவது விட்டுவைக்கலாம் என்பது அவர்களின் யோசனை. இரண்டு மூன்று விளக்கு, ஒரு விசிறி, தொலைபேசிக்கு மின்னூட்டம் - அவ்வளவே. 2022 இல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்னின்றிக் கழித்த நமக்கு அதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. மின்கம்பி எட்டாத இராஜஸ்தான் பாலைநிலக் குடியிருப்புகளில் 125 வாற் சூரியத் தகட்டையும் மின்கலத்தையும் கொண்டு அதே 48 வோல்ற் முறையை ஆயிரக்கணக்கான வீடுகளில் நிறுவினர்.

48 க்கும் குறை உண்டு, அதை மறைத்தலாகாது. ஒரே கம்பியில் ஒரே வலுவை 230 வோல்ற்றுக்குப் பதிலாக 48 வோல்ற்றில் அனுப்பினால் இழப்பு ஏறத்தாழ 23 மடங்காகும். ஆகவே அது வீட்டுக்குள் பொருந்தும், தெருவுக்குப் பொருந்தாது. விசிறிக்குப் போதும், அடுப்புக்குப் போதாது. வறியவருக்கு 48, செல்வருக்கு 230 என்ற இரண்டு தரம் உருவாகிவிடுமோ என்ற ஐயமும் நியாயமானது. விளக்கும் விசிறியும் 48 வோல்ற்றுக்குச் சந்தையில் மலிவாகக் கிடைத்தாலன்றி முறை நிலைக்காது. நியமம் இன்றி எந்தத் தொழிற்சாலையும் அவற்றைப் பெருந்தொகையாய்ச் செய்யாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017 இல் 48 வோல்ற் நேரோட்ட விநியோகத்துக்கான வழிகாட்டி நியமத்தை வெளியிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, கைக்கணினிகளுக்கு மின்னூட்டும் யூ.எஸ்.பி. நியமத்தின் புதிய பதிப்பும் தன் உச்ச எல்லையை 240 வாற் என்றும் 48 வோல்ற் என்றும் வகுத்தது. அவ்வெண்ணைத் தேர்ந்தவர்களுள் எத்தனை பேர் தொலைபேசி நிலையத்து ஈய மின்கலங்களை நினைத்தனரோ அறியோம்.